மாமாவும் இகுவானாவும் இருந்த பத்தியம்

மாமாவின் இடது முன்கையில் காதை வைத்தால் உள்ளே ஏதோ மோட்டார் ஓடுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். டயாலிசிஸ் செய்வதற்காக அங்கே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்துச் சூடாக எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கையின் மேல் நீளவாக்கில் படுத்து, தாடைக்குக் கீழே தோல் தொங்க, கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பச்சை இகுவானா, பெரிய ஓணான் போன்ற வெளிநாட்டுப் பிராணி. என் மாமனாரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். நாவலூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனி, புறா வராமலிருக்கக் கட்டிய வலை வழியாக விழும் காலை வெயில், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டம் போட்ட லுங்கி, அந்தக் கை, அதன்மேல் அந்தப் பிராணி. "மாமா, அந்தக் கையில வேணாம்னு எத்தனை வாட்டி சொல்றது? நகம் கிகம் பட்டா என்னாகிறது?" என்று நான் கத்துவேன். அவர் அசையவே மாட்டார். "நகத்த வெட்டிட்டேம்மா. இந்தக் கைதான் சூடா கீது, படுத்துகினு கீது. உனக்கு இன்னா வந்துச்சு?" என்பார். நான் முணுமுணுத்துக்கொண்டே அதைத் தூக்கி, அதற்கென்று அடித்த பலகையில் விடுவேன். நான் உள்ளே போய்த் திரும்பினால் அது மறுபடியும் கையில் இருக்கும்.

அதை வாங்கியவர் என் கணவர். அலுவலக நண்பர் ஒருவர் வைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியாக வாங்கி வந்தார். அதைப் பதிவு செய்வது, கண்ணாடித் தொட்டி செய்வது, தொட்டிக்கு விளக்கு மாட்டுவது என்று கொஞ்ச காலம் வீடே அமர்க்களப்பட்டது. பிறகு ஆசை ஓய்ந்தது. ஆசை ஓய்ந்தாலும் பிராணிக்குப் பசிக்குமே. சூப்பர் மார்க்கெட்டில் கழுவிக் கட்டிவைத்திருக்கும் பசலையையும் பர்கரில் வைக்கிற அந்த வெளுத்த லெட்டூஸையும் வாங்கிப் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுவார். நானும் கீரைதானே, நல்லதுதானே என்றிருந்தேன். ஒருநாள் பார்த்தால் பின்னங்கால்கள் நடுங்குகின்றன, கீழ்த்தாடை ரப்பர் போல வளைகிறது. கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். சுண்ணாம்புச் சத்தே இல்லை, எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்றார் அவர். பசலை வயிற்றுக்குள் இருக்கிற சுண்ணாம்பையும் ஒட்டவிடாது, லெட்டூஸில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை, கண்ணாடி வழியாக வரும் வெயில் வெயிலே இல்லை என்று எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். முருங்கை இலை, அகத்தி, செம்பருத்தியின் இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய், மேலே தூவச் சுண்ணாம்புச் சத்துப் பொடி, நேரடிக் காலை வெயில். இறைச்சி, முட்டை எதுவும் ஆகாது. இதுதான் அவர் சொன்ன சாப்பாடு.

அதே சமயத்தில்தான் மாமாவும் படாளத்தை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். மாமியார் காலமான பிறகு தனியாகவே இருந்தார். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது எல்லோருக்கும் தெரியவந்தபோது, டயாலிசிஸைத் தவிர வேறு வழியில்லை என்ற கட்டத்துக்கு வந்திருந்தார். ஜிஎஸ்டி சாலையை அவர் ஊர்ப் பெயர்களால் அறிந்தவரல்ல, சாப்பாட்டால் அறிந்தவர். இந்த வளைவில் தலைக்கறி, அந்தப் பாலம் தாண்டினால் சுடச்சுடப் பரோட்டா, இன்ன டீக்கடையில் விடியற்காலையில் மட்டும் கிடைக்கும் ஆப்பம் என்றுதான் வழி சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நான் காய்கறியைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, உப்பில்லாமல் தாளித்துப் போட வேண்டும். கீரை கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கருவாடு பக்கத்திலேயே வரக்கூடாது. தண்ணீர்கூடக் குப்பியில் அளந்துதான். புரதம் வேண்டும் என்பதால் முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் தினமும் உண்டு. மஞ்சளை எடுத்துவிட்டு அந்த வெள்ளையை நான் தட்டில் வைக்கும்போது மாமா அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். "இது இன்னாமா, டயர் பஞ்சர் ஒட்ற ரப்பர் மாதிரி கீது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சோறு இறங்காது.

ஆக ஒரே வீட்டில் இரண்டு பேருக்குப் பத்தியம், இரண்டுக்கும் நான் காவல். பகலில் நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால் இகுவானாவை மாமா பொறுப்பில் விட்டோம். முதலில் அவருக்கு அதைக் கண்டாலே இளக்காரம். "உடும்ப வூட்டுல வெச்சு வளக்குறானாம், காசு குடுத்து வேற வாங்கிகினு வந்துகிறான்" என்று மகனைக் கிண்டல் செய்வார். படாளத்துப் பக்கம் ஏரிக்கரையில் உடும்பு பார்த்து வளர்ந்தவர் அவர். கோழி அடைக்குள் புகுந்து முட்டை குடிக்கும், குஞ்சைத் தூக்கும். இது அந்த வகையே இல்லை, இலை மட்டும் தின்கிற சாதி என்று என் கணவர் விளக்குவார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் லாரிக்காரர் ஒருவர் தன் கண்ணால் பார்த்ததைவிட அதிகமாக இன்னொருவர் சொல்லை நம்புவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

சீக்கிரமே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. கொடுக்கிற சாப்பாடு பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறதே என்று அதற்கு 'மாப்ள' என்று பெயர் வைத்தார். கண்ணாடித் தொட்டியைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டு, பால்கனியில் தானே பலகை அடித்து ஏறுவதற்குக் கிளை கட்டினார். அடுக்குமாடித் தோட்டத்தில் செம்பருத்தி பறிப்பதற்குக் காவலாளியுடன் தினமும் ஒரு சண்டை போட்டார். டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டுக்கு நான்தான் காரில் அழைத்துப் போவேன். அமாவாசையன்று திரும்பும்போது திருப்போரூரில் வண்டியை நிறுத்தச் சொல்வார். பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு விற்கும் பெண்களிடம் இரண்டு கட்டு வாங்குவார். பசு ஒன்று வாயைத் திறந்துகொண்டு கார்வரை பின்னாலேயே வரும். "போ போ, உனுக்கு ஊரே போடுது, எங்க மாப்ளைக்கு யாரு கீறாங்க?" என்று அதை விரட்டிவிட்டு, கட்டைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வருவார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு வந்த களைப்பு அந்தச் சமயம் முகத்தில் இருக்காது. மாப்ள தேறியது. தாடை இறுகியது, நடுக்கம் போயிற்று, கிளை விட்டுக் கிளைக்குத் தாவ ஆரம்பித்தது. மருத்துவரே அசந்துபோனார். அந்தச் சில மாதங்கள்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் கவலையில்லாமல் இருந்த காலம்.

ஆடி மாதம் முடிந்த சமயத்தில் செங்கல்பட்டில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்னப் பெண், என்னைவிட வயது குறைவு. ரத்தப் பரிசோதனையைக் காட்டி, "பொட்டாசியம் இப்படி ஏறுதே, வீட்ல என்ன குடுக்குறீங்க? இது இன்னும் கொஞ்சம் ஏறினா நெஞ்சு நின்னுடும், தெரியுமில்ல?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காயை ஒருமுறைக்கு இருமுறை ஊறவைத்துக் கொட்டுகிறேன் என்றேன். கீரை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். அதே வாரம் மாப்ள சுருண்டு படுத்தது. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன, கண் குழிந்திருந்தது. கடற்கரைச் சாலை மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிட்னி திணறுது. முட்டை, கறி ஏதாவது குடுக்குறீங்களா?" என்றார். சத்தியமாக இல்லை என்று அங்கேயும் சொன்னேன். திரும்பி வரும் வழியில் சவுக்குத் தோப்புகளுக்குப் பக்கத்தில் சிக்னலில் நிற்கும்போதுதான் அந்த இரண்டு கேள்விகளும் என் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒருவருக்குக் கீரை. இன்னொன்றுக்கு முட்டை. சில நாட்களாக மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது பூண்டு தாளித்த வாசனை வந்ததும், அதைப் பக்கத்து வீட்டு அடுப்பு என்று நான் நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. எனக்கு வண்டியை நகர்த்தத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்து மாப்ளையை எடுத்துப் பலகையில் விட்டுவிட்டு, மாமாவின் முன்னால் நின்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. ஒளித்துச் செய்த காரியம் என்றே அவர் நினைக்கவில்லை. "ஆமாம்மா. பத்தியம் முட்ச்சிட்டேன்" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் கூழ் ஊற்றப் படாளத்துக்குப் போயிருந்தோம். களைப்பாக இருக்கிறது என்று அவர் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஊரே கூழும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையுமாகச் சாப்பிடுகிற நாள் அது. அன்றைக்குத்தான் நாள் பார்த்து முறித்தாராம். மாப்ளைக்கு வைத்திருந்த கீரைக்கட்டிலிருந்து கொழுந்து முருங்கையை உருவி, பூண்டு தட்டிப்போட்டு வதக்கித் தின்றார். தன் பங்கு வெள்ளைக்கருவை மாப்ளைக்கு வைத்தார். அது ஒரே வாயில் விழுங்கிவிட்டு இன்னும் கேட்பதுபோல் நாக்கை நீட்டிற்றாம். "பாத்தியா, உடும்பு உடும்புதான்னு அப்பவே நென்ச்சேன். சீக்கு வந்துச்சு, எலய துன்னு கெடந்துச்சு, ஒடம்பு தேறிச்சு. இன்னும் எவ்ளோ நாளு அத்த எலயிலயே போட்டு வெப்ப?" என்றார். அன்றிலிருந்து தினமும், நாங்கள் இல்லாத மதிய வேளையில், இருவரும் தட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் பின்னால் வந்து நின்றார். "ஏன் நைனா இப்படி பண்ண? உயிருக்கே ஆபத்துன்னு தெரியாதா?" என்று கத்தினார். மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீதான சொன்ன, கொஞ்ச நாளைக்கு வாயக் கட்டு நைனா, எல்லாம் செரியா பூடும்னு. நானும் கட்டிகினுதான இருந்தேன்? எனக்கு காமால வந்தப்போ உங்கம்மா ஒரு மண்டலம் பத்தியம் போட்டா. முட்ச்ச அன்னிக்கு தலைக்கு எண்ண வெச்சு, கோழி அட்ச்சு, வயிறு முட்ட சோறு போட்டா. பத்தியம்னா அதுக்கு ஒரு முடிவு வாணாமா?" என்றார். முதல் தடவை ஊசி குத்திய அன்று அப்பா பயந்துவிடக் கூடாதே என்று என் கணவர் சொன்ன வார்த்தை அது. அதற்குப் பிறகு அதைத் திருத்துவதற்கு எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம், வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அத்தனை மாதமும் அந்த மனிதர் ஒரு முடிவு நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். இது முடிகிற பத்தியம் இல்லை மாமா, உயிர் இருக்கிறவரை இப்படித்தான் என்றேன். சிறுநீரகம் திரும்ப வராது, இயந்திரம்தான் இனி அதன் வேலையைச் செய்யும் என்றேன். மாப்ளையைப் பற்றியும் சொன்னேன். அது உடும்பு இல்லை, அதற்கு இலை பத்தியமே இல்லை, அதுதான் அதற்குச் சோறு, அதன் காட்டில் அது மரத்தின் மேல் உட்கார்ந்து இலையைத்தான் தின்கிறது, முட்டைதான் அதற்கு விஷம் என்றேன். மாமா பலகைப் பக்கம் திரும்பினார். மாப்ள வீங்கிய விரல்களோடு கிளையைப் பிடிக்கப் பார்த்து வழுக்கியது. எழுந்து போய் அதைத் தாங்கிக் கிளையில் உட்கார வைத்தார். "பாவம், என்னாலதான் இப்டி ஆச்சா?" என்றார் முதலில். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "செரி, அதுக்கு அது சோறு. எனுக்கு எதுமா சோறு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாத ஊரில் டீக்கடைக்காரரிடம் கேட்பதுபோல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மாமா ஒருநாளும் பத்தியத்தை மீறவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வைத்ததைத் தின்றார். பஞ்சர் ரப்பர் என்று கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். என்ன குழம்பு என்று கேட்பதில்லை. செங்கல்பட்டுக்குப் போகும்போது இங்கே இது நன்றாக இருக்கும், அங்கே அது நன்றாக இருக்கும் என்ற பேச்சும் நின்றுபோனது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். மாப்ளையும் ஊசி, மருந்து, பழையபடி இலை என்று மெல்ல மெல்ல மீண்டது. ஒரு விரல் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டது. மாமா அதற்கு இலை நறுக்குவதை விடவில்லை. பரங்கிக்காயைத் துருவி, பொடி தூவி, மருத்துவர் சொன்னதில் இம்மியும் பிசகாமல் வைப்பார். ஒரு கொழுந்துகூட அவர் வாய்க்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு பெரிய மனிதரின் வாயைக் கண்காணிக்கிற வேலை எவ்வளவு கேவலமானது என்று அப்போது நினைத்திருக்கிறேன், ஆனாலும் விட முடியவில்லை. விட்டால் செத்துப்போவாரே.

டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இயந்திரம் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் தின்றால் இயந்திரமே எடுத்துவிடும் என்பார்கள். நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்தார், அன்றைய அளவுகளைப் பார்த்தார், கடைசியில் "ஒரே ஒரு ஸ்பூன். நான் சொல்ற அன்னிக்கு மட்டும்" என்றார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. விடியற்காலையில் எழுந்து முருங்கைக்கீரையை ஆய்ந்து, வேகவைத்து வடித்து, பூண்டு தட்டிப்போட்டு வதக்கி, சின்ன டப்பாவில் ஒரே ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஊசிகள் குத்தி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் டப்பாவைத் திறந்து காட்டினேன். வாசனை பிடித்தார். என்னைப் பார்த்தார். வலது கையால் வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கிவிட்டு, வெறும் டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார். "நல்லா கீதுமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் மனது நோகக் கூடாதே என்று மெல்ல, "ஆனா அளந்து குட்த்தா இதுவும் பத்தியந்தாம்மா" என்றார்.

மறுபடி கொண்டுவரவா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். அந்த ஒரு வருடத்தை அவருக்கு நாங்கள் கொடுத்தோம் என்று என் கணவர் சொல்கிறார். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். இருக்கலாம். அந்த வருடத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் ஒருநாள் உட்கார்ந்திருக்கிறோம், பேரன் முறைப் பையனின் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் போய்த் தலைகாட்டி வந்திருக்கிறோம், மழைக்காலத்தில் பால்கனியில் நனையாமல் மாப்ளைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். அதெல்லாம் கொஞ்சம் இல்லைதான். ஆனால் அந்தக் கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் மண்டபத்துக்கு வெளியே காரில் போய் உட்கார்ந்துகொண்டதும், நான் தேடிக்கொண்டு போனபோது "உள்ள காத்தே இல்லமா" என்றதும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது. நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்தும் மனது ஆறாத சில காரியங்கள் இருக்கின்றன.

இப்போது மாப்ளைக்கு நான்தான் இலை வைக்கிறேன். நன்றாக இருக்கிறது, வாலோடு சேர்த்துப் பார்த்தால் என் கை நீளத்தைத் தாண்டிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் "வெறும் இலைதானா? பாவம், ஒரு முட்டை கிட்டை வைக்கக் கூடாதா?" என்பார்கள். வேண்டாம், அதுதான் அதற்குச் சோறு என்று சொல்வேன். காலையில் தட்டை வைத்தால், மடங்காத விரலை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்து, முருங்கையில் கொஞ்சம், செம்பருத்தியில் கொஞ்சம் என்று பிடித்ததைப் பொறுக்கித் தின்னும். போதும் என்று தோன்றினால் அப்படியே போட்டுவிட்டு வெயிலுக்குப் போய்விடும். தினமும் அதன் தட்டில் பாதி மிச்சம் கிடக்கிறது. அதை எடுத்துக் கொட்டும்போதெல்லாம் எனக்கு மாமாவின் தட்டுதான் கண்ணில் வருகிறது. கடைசி ஒரு வருடமும் அதில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. மிஞ்சுகிற அளவுக்கு நான் அதில் எதையும் வைத்ததே இல்லை.